திஹொமிரின் வண்டிக்கு என்ன கோளாறு?

யாசெனோவோ, 1983 ஜனவரி 16

அன்புள்ள வெலிமிர்,

உன் பெண்டாட்டியும் உன் அப்பாவும் கோழிகளும் சௌக்கியம். பனி ஜன்னல் விளிம்புவரை ஏறி வந்து எட்டிப் பார்க்கிறது, அதற்கும் ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்க்காதே, ஒரு ஸ்டூல் கேள் என்றேனே, கேட்டாயா? கிறிஸ்துமஸுக்கு உன் தட்டையும் மேஜையில் வைத்தேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு அதிலும் ஒரு துண்டு கறி வைத்தார்.

இங்கே கடையில் காபித்தூள் கிடையாது, சோப்புத்தூள் கிடையாது, புரளிக்கு மட்டும் பஞ்சமில்லை. அதில் ஒன்று: எங்கள் சுகாதார நிலையத்தின் ஜீப் மண்டையைப் போட்டுவிட்டது. சொந்த வண்டியும் லைசென்சும் உள்ள நர்ஸ் யாராவது மலைக் கிராமங்களுக்குப் போய்வரத் தயாரா என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் வரை ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்வந்தால் வேலை நிரந்தரமாம். எவளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறதோ! நான் கட்டுப்போடும் அறையில் பஞ்சு கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். பக்கத்துவீட்டு நெட்டைத் திஹொமிர் உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னான். அவனிடமும் நம் வண்டி மாதிரியே ஒன்று இருக்கிறதல்லவா? காலையில் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு சீக்காளி மாதிரி மஞ்சளாக எரிகிறது. என்ன செய்யலாம்?

நம் வண்டி நீ விட்டுப்போன மாதிரியே கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் இருக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம்.

உன்
ஸ்டாமென்கா


ஸ்டுட்கார்ட், பிப்ரவரி 2

ஸ்டாமென்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் முதுகு நேராகிவிட்டது, மறுநாள் பழையபடி வளைந்துகொண்டது. மற்றபடி நலம். ஸ்டூல் கேட்டேன். ஃபோர்மேன் சிரித்தார். காபித்தூள் இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அப்பா சாராயத்தைக் குறைத்தாரா?

திஹொமிருக்குச் சொல்: 'டக்' என்றால் பேட்டரி. உடனே புதிதாக வாங்க ஓடவேண்டாம். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். வயரைக் கழற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, மேலே கொஞ்சம் பன்றிக்கொழுப்பு தடவி, திரும்ப இறுக்கமாக மாட்டச் சொல். ராத்திரி பேட்டரியைக் கழற்றிச் சமையலறைக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவசரம் என்றால் சரிவில் உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஜீப் சங்கதியெல்லாம் நமக்கெதற்கு? ஆகஸ்டில் லீவு கிடைத்துவிட்டது. வந்ததும் வண்டியை விற்றுவிட்டு உன்னை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன். இங்கே ஜெர்மனியில் முதியோர் இல்லங்களில் நர்ஸுக்கு எப்போதும் ஆள் தேவை. அப்பா வரமாட்டார்தான், அவரை அத்தை வீட்டில் விடலாம். இன்னொரு குளிர்காலம் தனியாகச் சாப்பிட என்னால் ஆகாது.

வெலிமிர்


யாசெனோவோ, மார்ச் 20

அன்புள்ள வெலிமிர்,

காபி மணம் வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது, வராத விருந்தாளியெல்லாம் வந்தார்கள். இரண்டு பேரும் நலம். உன் அப்பா குறைத்துவிட்டதாகச் சொல்கிறார். பாட்டில் மட்டும் அதை மறுக்கிறது.

பன்றிக்கொழுப்பு வைத்தியம் நன்றாக வேலை செய்தது. திஹொமிர் உனக்கு ஆயிரம் நன்றி சொன்னான். ஆனால் அவனுக்கு இப்போது வேறு தலைவலி. நீராலை வளைவு தெரியுமல்லவா, ஓடைத் தண்ணீரில் மாவரைக்கும் சக்கரம் சுற்றுமே, அங்கே இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டாவது கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. வண்டி சும்மா உருள ஆரம்பித்துவிடும். முதல் தடவை எனக்கு உயிரே போய்விட்டது. அவன் சொல்லக் கேட்டதற்கே அப்படி. இப்போது கியர்க் குச்சியை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே இறங்குவதால் என் முழங்கால் கன்றிப்போய், இல்லை, அவன் முழங்கால் கன்றிப்போய் நீலம் பாரித்துவிட்டது. கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கிற சத்தம் வேறு. பேனாவால் எழுதியதை அடிக்க மனமில்லை, நீயே திருத்திப் படித்துக்கொள்.

ஆகஸ்ட் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது தபால்காரர் வாசலில் காத்திருக்கிறார்.

உன்
ஸ்டாமென்கா


ஸ்டுட்கார்ட், ஏப்ரல் 10

ஸ்டாமென்கா,

நான் நலம். உன் நலமும் அப்பாவின் நலமும், முக்கியமாகத் திஹொமிரின் முழங்கால் நலமும் அறிய விரும்புகிறேன். இந்தக் கடிதம் தாமதமானதற்குக் காரணம், என்ன எழுதுவதென்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

கியர் பாக்ஸுக்குள்ளே கியர்களைச் சத்தமில்லாமல் சேர்த்துவைக்கப் பித்தளை வளையம் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் பல்லைக் கடிக்கும். கியரை அதனிடத்தில் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்தால் துள்ளும். பாக்ஸைப் பிரிக்காமல் இதற்கு மருந்தில்லை. அதுவரை செய்யக்கூடியது இது: கிளட்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு, திரும்ப மிதி, பிறகு இரண்டாவதற்குப் போடு. இரண்டு மிதி. லாரிக்காரர்கள் செய்வது மாதிரி. கியர் பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். இறக்கத்தில் காலை முழுவதும் எடுக்காமல் லேசாக வைத்திருந்தால் துள்ளாது. முழங்கால் வேண்டாம்.

நாள் முழுவதும் என் கையில் அந்தப் பித்தளை வளையங்கள்தான் ஓடுகின்றன. அளந்து பார்ப்பேன், நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். எந்த வண்டிக்குள் போகிறதென்று ஒருநாளும் தெரிவதில்லை.

இன்னொன்றும் திஹொமிரிடம் சொல். சீட்டை முன்னால் இழுத்துப்போட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் கிளட்ச் காலுக்கு முழுசாக எட்டும்.

வெலிமிர்


யாசெனோவோ, மே 8

அன்புள்ள வெலிமிர்,

பிளம் மரங்கள் பூத்து உதிர்ந்துவிட்டன. நாங்கள் நலம். உன் முதுகை நினைக்காத நாளில்லை.

தலையணை நல்ல யோசனை. திஹொமிருக்கு இப்போது கால் நன்றாக எட்டுகிறது. இரண்டு மிதியும் பழகிவிட்டது. தூக்கத்தில்கூட மிதிக்கிறான் என்று கேள்வி.

வெலிமிர், அவன் மேலே போய்வரும் கதைகளைச் சொல்லும்போது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல் இருக்கிறது. போன வாரம் கடைசிக் கிராமத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்களாம். நர்ஸ் வருகிறாள் என்று தெரிந்ததும் குழந்தைகளெல்லாம் வைக்கோல்போருக்குள் ஒளிந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்து ஊசி போட வேண்டியிருந்ததாம். பனிக்காலம் முழுக்க ஒரு வைத்தியரும் எட்டிப்பார்க்காத வீடுகள் அவை. கிளம்பும்போது பின்சீட்டு முழுக்கச் சீஸும் முட்டையுமாக நிரப்பிவிட்டார்களாம். திரும்பி வரும்போது மலை உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு அவன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தானாம். சந்தோஷத்தில் அழுகையே வந்ததாம். அவ்வளவு பெரிய ஆம்பிளை!

கோளாறு ஒன்றுதான். ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கருகல் வாடை வேறு.

உன்
ஸ்டாமென்கா


ஸ்டுட்கார்ட், மே 22

ஸ்டாமென்கா,

நலம். கருகல் வாடை கிளட்ச் தட்டு வழுக்குவதால் வருவது. திஹொமிர் ஓட்டும்போது கிளட்ச் பெடல் மேலேயே காலை ஓய்வெடுக்க வைக்கிறான், சரிதானே? அதை நிறுத்தச் சொல். கேபிள் முனையில் ஒரு நட்டு இருக்கும். பெடல் இரண்டு விரல்கடை சும்மா இறங்கி, அதற்குப் பிறகு பிடிக்கிற அளவுக்கு அதைத் தளர்த்தச் சொல். தட்டு இன்னும் பிழைத்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும்.

நீ ஆகஸ்ட் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொல்லி மூன்றாவது மாதம் நடக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாயா? இங்கே இரண்டு அறையும் பால்கனியுமாக ஒரு வீடு பார்த்தேன். பால்கனியில் மிளகாய்ச் செடி வைக்கலாம்.

வெலிமிர்


யாசெனோவோ, ஜூன் 19

அன்புள்ள வெலிமிர்,

நாங்கள் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது எதுவும் நலமில்லை.

வியாழக்கிழமை மேல் கிராமத்திலிருந்து பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைத் திஹொமிர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கீழே இறங்குவதற்கு முன் ஒரு பெரிய ஏற்றம் இருக்கிறதே, அதில் பாதி ஏறியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கமெல்லாம் ஆவி. அதுவும் சாதாரண ஆவி இல்லை, கல்யாண வீட்டு வாசல் மாதிரி கமகமவென்று பிளம் சாராய வாடை! பின்சீட்டில் அந்தப் பெண் வலியில் கத்திக்கொண்டே, "யாருடி இங்க குடிக்கிறது?" என்று கேட்டாள்.

குழந்தைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பெண் குழந்தை, அங்கேயே பிறந்துவிட்டது. திஹொமிர்தான் பிரசவம் பார்த்தான். தொப்புள்கொடியை அவனே கட்டி அறுத்தான். தாயும் சேயும் நன்றாக இருக்கிறார்கள். பால் லாரி வந்து, எல்லோரும் உள்ளே இருக்க வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

சாராயத்தின் கதை இது. குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. உன் அப்பா நல்ல மனதோடு தன் சரக்கில் பாதியை ஊற்றியிருக்கிறார். அளவு குறையக் குறைய, கோடைக்காலத்திலும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கத்தியதற்கு அவர் சொன்ன பதில்: "அதுல பாதிய நானே குடிச்சிருந்தா எனக்கும் வண்டிக்கும், ரெண்டு பேருக்கும் உடம்பு நல்லா இருந்திருக்கும்." அதன் பிறகு இரண்டு நாளாகக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்காபி மாதிரி நுரை. இது பிழைக்குமா வெலிமிர்? உண்மையைச் சொல்.

ஸ்டாமென்கா


யாசெனோவோ, ஜூலை 10

வெலிமிர்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் நம் வாசலைக் கடக்கும்போது இப்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

திஹொமிர் கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டி நம்முடையது. மரக்கட்டை மேலிருந்து அதை நானும் உன் அப்பாவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே இறக்கிவிட்டோம். போன இலையுதிர்காலத்தில் லைசென்ஸ் எடுத்தேன். கிளம்பும்போது நீ தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே, "இந்த கியர் பாக்ஸுக்கு என் கை மட்டுந்தான் பழக்கம், யாரும் தொடாதீங்க" என்று சொன்னாய். அதனால்தான் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் அது காரணமில்லை. வண்டியைச் சொன்னால் வேலையைச் சொல்ல வேண்டும். வேலையைச் சொன்னால், ஆகஸ்டில் நான் வரப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் வரமாட்டேன் வெலிமிர். உன்மேல் ஆசை குறைந்ததால் இல்லை. ராத்திரியில் உன் தலையணையைத்தான் கட்டிக்கொண்டு படுக்கிறேன், பகலில் அதையே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். ஆனால் மேலே ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உள்ளேயிருந்து, "வந்துட்டா!" என்று ஒரு குரல் வரும் பார், அந்தக் குரலை விட்டுவிட்டு என்னால் எங்கும் வர முடியாது.

வண்டி நின்றதிலிருந்து பால் லாரியிலும் நடந்தும் போகிறேன். ஒரு வாரமும் தவறவில்லை. ஆனால் செப்டம்பரில் ஓடும் வண்டி ஒன்று வாசலில் நிற்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழை தொடங்கினால் நடந்து போக முடியாதுதான், அவர் சொல்வது நியாயம்.

நீ உதவாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஸ்டாமென்கா


ஸ்டுட்கார்ட், ஜூலை 17

ஸ்டாமென்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை நலம் என்று வைத்துக்கொள்.

நீராலை வளைவில் இரண்டாவது கியர் துள்ளும் வண்டி உலகத்தில் ஒன்றுதான். அதை நான் பல வருஷம் முழங்காலால் முட்டுக்கொடுத்து ஓட்டியிருக்கிறேன். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் திஹொமிரைப் பற்றி எழுதும்போது நீ சிரிப்பது எனக்குக் கேட்டது. நம் கடிதங்களில் அதற்கு முன்னால் அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை.

குழந்தை பிறந்த கடிதத்தை மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். நல்ல வளையத்தையெல்லாம் கெட்டது பக்கம் போட்டுவிட்டேன், ஃபோர்மேன் வந்து திட்டினார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் கோபம் வந்தது. வண்டி கெட்டதற்கில்லை. அதன் ஒவ்வொரு நோயையும் என்னிடம் சொன்னவள், வரமாட்டேன் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லையே என்று. நானும் யோக்கியன் இல்லை. 'வீடு பார்த்தேன்' என்று எழுதினேன் அல்லவா, அதை மார்ச்சிலேயே வாடகைக்கு எடுத்துவிட்டேன். இரட்டைக் கட்டில் வாங்கிப்போட்டேன். இவ்வளவு நாளும் அதன் ஒரு ஓரத்தில் படுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வேலையைப் பார்ப்போம். தண்ணீருக்கு முன்னாலேயே சாராயம் கொதித்து ஆவியாகிவிடும். ரேடியேட்டர் வறண்டு, சூட்டில் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு, வெடித்திருக்கிறது. தண்ணீர் ஆயிலில் கலந்ததால்தான் நுரை. இது பிழைக்கும். கேஸ்கெட்டைத் திங்கட்கிழமையே பார்சலில் அனுப்பிவிட்டேன், கோபமாக இருந்த வாரத்தில்தான் வாங்கினேன்.

ஆயிலையும் தண்ணீரையும் முழுக்க வடித்துவிடு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அடிப்பக்கத்தை நன்றாகச் சுரண்டித் துடை. அப்பாவின் இரும்பு அளவுகோலை அதன்மேல் குறுக்காக வைத்து விளக்குக்கு நேரே பிடி. கீழே வெளிச்சம் கசிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, என் வருகைக்குக் காத்திரு. கசியவில்லை என்றால் புதுக் கேஸ்கெட்டை வை. போல்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, மாறி மாறி வெளிப்பக்கமாக இறுக்கு. ஒரே மூச்சில் வேண்டாம், மூன்று சுற்றாக. எவ்வளவு இறுக்கினோம் என்று காட்டும் ஸ்பானர் பஸ் டிப்போவில் இருக்கும், கேட்டு வாங்கு. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டும். அப்பாவைக் கோபிக்காதே. அந்தச் சாராயம் அவர் நம் கல்யாணத்துக்கே எடுத்துக் கொடுக்காதது.

கியர் பாக்ஸைத் தொடாதே. அதை நான் வந்து பிரிக்கிறேன். நல்ல பக்கத்திலிருந்து எடுத்த வளையம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்றதை நேரில் பேசுவோம்.

வெலிமிர்


யாசெனோவோ, ஜூலை 31

என் வெலிமிர்,

கை முழுக்க ஆயில், அதனால் காகிதத்திலும் ஆயில். இரண்டு பேரும் நலம். மூன்றாவது ஆளும் நலம்: வண்டி ஓடுகிறது!

அளவுகோலுக்குக் கீழே வெளிச்சம் கசியவில்லை. உன் அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். போல்டுகளை நான் இறுக்க, அவர் பக்கத்தில் நின்று, "நடுவுல, இப்ப எதிர்ப்பக்கம், அடுத்தது இந்தப் பக்கம்" என்று பாதிரியார் மாதிரி ஓதிக்கொண்டே இருந்தார். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தது. பிறகு புகை நின்றது. அவர் வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய் அழுதார்.

வெள்ளிக்கிழமை அதே ஏற்றத்தில் ஏறினேன். முள் நடுவிலேயே நின்றது. அந்தக் குழந்தைக்கு எடை பார்த்துவிட்டு வந்தேன்.

உன் கட்டிலின் அந்த ஓரத்தை நினைத்து ஒரு முழு ராத்திரி அழுதேன். மன்னிப்புக் கேட்டால், வரமாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கியது மாதிரி ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை. ரயிலடிக்கு நான் வருகிறேன். ஓட்டுவது நான்தான். நீ பக்கத்து சீட்டில் உட்கார்.

உன்
ஸ்டாமென்கா


ஸ்டுட்கார்ட், செப்டம்பர் 11

என் ஸ்டாமென்கா,

லீவு முடிந்து நலமாக இங்கே வந்து சேர்ந்தேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வேலை நிரந்தரம் என்ற வரியைப் பக்கத்து மெஷின்காரர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மொழி புரியாதவர்களும் கைகுலுக்கினார்கள். அப்பாவிடம் சொல், அவருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

என்னை ரயிலடிக்குக் கொண்டுவிட்ட அன்று வழியெல்லாம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். கோபம் என்று நினைத்துவிட்டாய். போகிறவன் நலமாகத் திரும்பட்டும் என்று அப்பா நம் ஊர் வழக்கப்படி வண்டிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றி வழியனுப்பினார், அது தண்ணீர்தானா என்று நீ கண்ணாடியில் பார்த்தாய். அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நீராலை வளைவில் என் கால் தானாகத் தரையை மிதித்தது, அங்கே பிரேக் இருப்பதுபோல. நீ கிளட்சை ஒரே தடவை மிதித்து இரண்டாவதற்குப் போட்டாய். சத்தமே இல்லை. காலை எடுத்தாய், கியர் துள்ளவும் இல்லை. நான் பிரித்து மாட்டிய பாக்ஸ்தான், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வருஷம் என் கையில் ஓடிய வளையங்களில் ஒன்றாவது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றுதான் பார்த்தேன். வழியில் ஒரு வேலியோரம் நின்ற பெண்கள் வண்டியைப் பார்த்ததும் கையாட்டினார்கள். என் வண்டிக்கு யாரும் கையாட்டியதில்லை. அவர்கள் உனக்குத்தான் ஆட்டினார்கள்.

பால்கனி வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். கட்டிலைப் பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் மனைவி அடுத்த மாதம் வருகிறாள்.

வெள்ளிக்கிழமை ஃபோர்மேன் அறைக்குப் போய், வருஷக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, ஊர்ல அப்பாவுக்கு முடியலையா?" என்று கேட்டார்.

"அவர் நல்லா இருக்கார். என் மனைவிக்கு அங்க வேலை நிரந்தரமாயிடுச்சு. அதனால நானும் அங்க குடிபோகணும்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். என் ஜெர்மன் மொழியில் ஏதோ மாறிப்போய்விட்டது என்று நினைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நான் நிதானமாக, சொல் சொல்லாக, அதையே மறுபடி சொன்னேன்.

உன்
வெலிமிர்